போட்டுக் காட்டுங்க

அம்மா முப்பத்தொரு வருடம் மோட்டார் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் போன் எடுத்தாள். ஒரு மோட்டாரைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. மேஜையில் போன், நோட்டு, மூக்கு உடைந்த ஒரு தண்ணீர் ஜக். அவ்வளவுதான் அவள் கருவிகள்.

யாராவது "மோட்டார் சத்தம் போடுதுங்க" என்றால் விடமாட்டாள்.

"எப்படிப் போடுது? போட்டுக் காட்டுங்க."

"போன்லயா?"

"வெக்கப்படாதீங்க. இங்க நான் மட்டுந்தான் இருக்கேன்."

பச்சைப் பொய். பின்னால் நான்கு மெக்கானிக்குகள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். ஒரு வங்கி மேலாளர் ஊளையிட்டார். ஒரு தலைமை ஆசிரியை வீறிட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டார்.

கேட்டதும் அம்மா ஒரே சொல் எழுதுவாள். முனகல் என்றால் கிரீஸ் இல்லை, நாளைக்குப் போகலாம். ஊளை என்றால் பேரிங் தேய்ந்துவிட்டது, இன்றே போக வேண்டும். அலறல் என்றால் முதலில் ஸ்விட்சை அணைக்கச் சொல், பிறகு ஓடு. இன்னும் கதறல், கேவல், ஓலம் என்று எட்டுப் பத்து உண்டு. மெக்கானிக்குகள் அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் பையில் சாமான் எடுத்து வைப்பார்கள்.

நான் இயந்திர அதிர்வுகளை அளக்கும் பொறியாளர். ஒருமுறை அவள் நோட்டை வாங்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே எத்தனை ஹெர்ட்ஸ் என்று எழுதிக் கொடுத்தேன்.

"ஊளைக்கும் ஓலத்துக்கும் ஒரே நம்பர் போட்டிருக்கே?"

"ஏறக்குறைய ஒண்ணுதாம்மா."

"லட்சணம்தான். ஊளை தன்பாட்டுக்கு வர்றது. ஓலம்னா யாராவது வருவாங்கன்னு நம்பிக் கூப்பிடறது. இதுக்கா நாலு வருஷம் படிச்சே?"

வீட்டிலும் அதே கணக்கு. சளி முனகல். பல்வலி ஊளை. நான் ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை போனில், "வயித்துல என்னவோ. முனகல்தான்" என்றாள். முனகல் காத்திருக்கும். சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டேன். வெள்ளிக்கிழமை போய்விட்டாள். அந்த வலியோடு ஒருவர் போனில் பேசியிருக்கவே முடியாது என்றார் மருத்துவர்.

முப்பத்தொரு வருடத்தில் அவள் தவறாகச் சொன்ன ஒரே புகார்.

நான் அழவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். இறப்புச் சான்றிதழ் வாங்கினேன். அவள் மருந்துகளைத் தேதிவாரியாகப் பிரித்தேன். பத்து நாள் கழித்தும் அம்மா வீட்டிலேயே இருந்தேன்; அவளோடு வேலை பார்த்த மெக்கானிக் போன் செய்தார். ஊருக்கெல்லாம் அவர் 'ஸ்பேனர்'. எனக்கு மாமா.

"எப்படிம்மா இருக்கே?"

"இருக்கேன் மாமா. முனகல்தான்."

போன் கட்டானது. அரை மணி நேரத்தில் வாசலில் நின்றார். ஒரு கையில் பை, மறு கையில் அம்மாவின் ஆபீஸ் ஜக்.

"முனகலுக்கு இப்படி ஓடி வரணுமா மாமா?"

"அக்காவும் எங்கிட்ட அதைத்தான் சொன்னாங்க. நம்பி வீட்டுக்குப் போயிட்டேன்."

ஜக்கில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"எங்கே, போட்டுக் காட்டு."

"என்னத்தை?"

"வெக்கப்படாதே. இங்க நான் மட்டுந்தான் இருக்கேன்."

போட்டுக் காட்டினேன். எதிர்வீட்டு நாய் பதிலுக்கு ஆரம்பித்தது. மாடியில் ஜன்னல்கள் திறந்தன. அவர் அசையவில்லை. ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஊளையா மாமா?"

"இல்லம்மா, ஓலம். நான்தான் வந்துட்டேனே" என்று ஜக்கை நீட்டினார்.