பாண்ட் தாளில் வந்த கடிதம்

"யாரு ஃபேனைப் போட்டது?"

பக்கத்து வீட்டு அக்கா வேலை முடிந்து வாசலில் கால் வைத்ததும் தினமும் கேட்கிற கேள்வி இதுதான். காகித ஆலையில் தாள் பிரிக்கிற அறையில் ஃபேன் கிடையாது. காற்றடித்தால் அடுக்கு பறந்துவிடும். இருபத்தாறு வருஷம் அங்கே வியர்த்தவளுக்கு வீட்டிலும் காற்று ஆகாது.

தாளை ஒவ்வொன்றாகத் தள்ளி, ஓட்டை, கறை, சுருக்கம் இருப்பதைக் கழிவுத் தொட்டியில் போடவேண்டும். அது மறுபடி கூழாகிவிடும். தொட்டே தாளின் தரம் சொல்வாள். யாராவது கல்யாணப் பத்திரிகை நீட்டினால் பெயரைப் படிக்கமாட்டாள். மூலையைத் தடவி, "மட்ட அட்டைடி. சம்பந்தி செலவா?" என்பாள்.

இரண்டு வருஷமாகக் கண் மங்கிக்கொண்டே வந்தது. நரம்பே பட்டுப்போனதென்று டாக்டர் கைவிரித்துவிட்டார். ஆலையில் சொன்னால் வேலை போகும், சொல்லவில்லை. சுருக்கத்தை விரல் கண்டுபிடித்தது. கறையை எந்த விரல் கண்டுபிடிக்கும்? கூட வேலை பார்க்கிறவர்கள் ஒரு தாளில் பேனாவால் மீசை வரைந்து அவள் பிரிக்கிற தாள்கட்டுக்குள் செருகினார்கள். மீசையை நல்ல தாளோடு அடுக்கிவைத்தாள். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஒருத்தி அதைக் கொண்டுபோய் மேஸ்திரியிடம் காட்டினாள்.

சனிக்கிழமை கடிதம் கொடுத்தார்கள். அந்த ஆலையில் திட்டு மெல்லிசுத் தாளில் வரும், பாராட்டு மட்டும் தடித்த, உயர்ந்த பாண்ட் தாளில். அன்று ஆபீஸில் மெல்லிசு தீர்ந்திருந்தது.

அக்கா தடவிப் பார்த்தாள். முகமெல்லாம் பல்லாக என்னிடம் ஓடி வந்தாள். "தொட்டுப் பாருடி, பாண்ட் பேப்பர். இப்பதான் மதிக்கத் தோணிருக்கு அவனுங்களுக்கு."

பார்வை போதாததால் திங்கள் முதல் வரவேண்டாம் என்று எழுதியிருந்தது.

"நல்ல பேப்பர்க்கா" என்றேன். கடிதத்தை மடித்து அவள் கையிலேயே கொடுத்தேன்.

அவள் புருஷன் படித்துவிட்டு, "மெச்சி எழுதியிருக்காங்கடி. கறிக்குக் காசு எடு" என்று பையோடு கிளம்பினான். ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தின்றான்.

திங்கள் காலை புதுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். ஷிஃப்ட் மாறுகிற நேரம். காவலாளி கடிதத்தை வாங்கி எல்லோர் காதிலும் விழப் படித்தான்.

"இன்னொரு தடவை படிப்பா" என்றாளாம். படித்தான்.

மூன்று வாரமாகக் கட்டிலோடு இருக்கிறாள். ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது. புருஷன் அதன் அடியில் மல்லாந்து கிடக்கிறான். யார் போட்டது என்று அவள் கேட்பதில்லை.

ஒருமுறை போய்ப் பாருங்கள். எங்கள் மாடிப்படிக்குப் பக்கத்தில் பச்சைக் கதவு. போனதும் ஃபேனை அணையுங்கள். அவள் ஏதாவது காகிதம் நீட்டினால், எழுதியிருப்பதை எழுதியபடியே படித்துச் சொல்லுங்கள்.