சூடேறினால் நின்றுவிடும் கார்

புங்குடுதீவில் எங்கள் வீட்டில் ஒரு கார் இருந்தது. சாம்பல் நிறம். அப்பாவைவிட அதற்கு வயது கூட இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். காலையில் நல்ல பிள்ளைபோல ஸ்டார்ட் ஆகும். பள்ளிக்கூடம்வரை ஒழுங்காக ஓடும். அதைத் தாண்டி எஞ்சின் சூடேறியதும் இருமத் தொடங்கும். பிறகு ஒரு குலுக்கல், ஒரு வெடிச்சத்தம், அவ்வளவுதான், நின்றுவிடும். அரை மணித்தியாலம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி கிளம்பும். ஊரில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தவள்தான், அம்மாவின் வயிறு பெரிதாகும்வரை.

எண்பதுகளின் நடுப்பகுதி, எனக்கு ஒன்பது வயது. எனக்குப் பிறகு பிறந்த குழந்தை தங்கவில்லை. இந்தமுறை பிள்ளைப்பேறு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில்தான் நடக்கவேண்டும், இல்லாவிட்டால் தாய்க்கும் ஆபத்து என்று டொக்டர் சொல்லிவிட்டார். அம்மா இதைக் குசினி அடுப்படியில் அத்தையிடம் சொன்னபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். கேட்டிருக்கக்கூடாது. அன்றுமுதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலணைக்குப் போகும் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல், நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. அந்தப் பாலத்தின் நடுவில் கார் இருமுவதையும் பின் சீட்டில் அம்மா கிடந்து கத்துவதையும் கணக்குப் பாடத்தின்போதுகூடக் கண்டேன்.

மாமா, அம்மாவின் தம்பி, யாழ்ப்பாணத்தில் கராஜ் வேலை செய்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார், பெற்றோல் வரும் குழாயை ஊதிப் பார்த்தார். பிறகு எஞ்சினை ஓடவிட்டுவிட்டுச் சும்மா இருந்தார். அது சூடேறி இருமி நின்றதும், நனைத்த துணி ஒன்றை ஒரு சின்னத் தகர உருளைமேல் சுற்றினார். கொஞ்ச நேரத்தில் கார் உயிர்த்தது.

“கொயில்தான் அத்தான். பிளக்குக்கு நெருப்புக் குடுக்கிற சாமான். சூடேறினால் கைவிட்டிடும். வேற ஒண்டும் பிழையில்லை.”

அடுத்த கிழமை எங்கிருந்தோ புதிய கொயில் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து பூட்டினார். நாங்கள் குறிகட்டுவான் இறங்குதுறைவரை போய்த் திரும்பினோம். ஒரு இருமல் இல்லை. அன்று நான் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்த நாட்களில் துவக்கும் கையுமாக வரும் இயக்கப் பெடியள் வாகனம் கேட்பார்கள். கேட்பார்கள் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. போன வாகனம் திரும்பி வந்ததாக நான் அறியவில்லை. சந்திக் கடைக்காரரின் வான் வண்டி அப்படித்தான் போனது. அதற்கு மறுநாள் எங்கள் கார், பள்ளிக்கூடம் தாண்டியதும், பழையபடி இருமி நின்றது. என் நெஞ்சும் அதோடு நின்றது. அப்பாவோ கதவில் சாய்ந்து, போகிற வருகிற ஆட்களிடமெல்லாம், “திருத்தியும் சரிவரேல்லைப் பாருங்கோ” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவைப் பற்றி இவருக்குக் கவலையே இல்லை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அம்மா அப்போதெல்லாம், குனிய முடியாத வயிற்றோடும், அரிசியைத் தானேதான் அளந்தா. ஒருநாள் கால் வீங்கிப் படுத்துவிட்டதால் அரிசி அளக்க நான் போனேன். பானைக்குள் இரண்டாவது சுண்டு அள்ளும்போது ஏதோ தட்டுப்பட்டது. தோண்டிப் பார்த்தால், பழந்துணியில் சுற்றிய புதிய கொயில். மாமா பூட்டியது எப்படி அரிசிப் பானைக்குள் வந்தது என்று யோசித்து முடிப்பதற்குள் வாசல் படலையடியில் சத்தம் கேட்டது.

துவக்கோடு மூன்று பேர் வந்திருந்தார்கள், கார் வேண்டுமாம். தலைவன்போல இருந்தவன் படலையிலேயே நின்றான். ஒருவன் காரை ஓட்ட, அப்பாவையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அரை மணித்தியாலத்தில் காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கூடத் தள்ளியவன் தலைவனிடம் போய் நின்றான். ஓட்டியவனுக்கு மீசைகூடச் சரியாக வரவில்லை. பொனற்றைத் திறந்து, தன் தோள் துண்டைக் கிணற்றடி வாளியில் நனைத்து, மாமாவைப்போலவே அந்த உருளைமேல் சுற்றினான். கார் உயிர்த்தது.

“கொயில் போயிட்டுது ஐயா. புதுசு ஒண்டு போட்டால் ஓடும்.”

“எங்கை தம்பி எடுக்கிறது? நானும் தேடாத இடமில்லை” என்றார் அப்பா.

அப்பாவுக்கு மறந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். எனக்கு வந்த சந்தோஷத்தில் ஓடிப்போய் அந்த அண்ணனின் கையைப் பிடித்தேன்.

“அண்ணை, புதுசு கிடக்கு. அரிசிப் பானைக்குள்ளை. நான் கண்டனான். அதைப் பூட்டிவிடுங்கோ. இல்லாட்டி அம்மா பாலத்திலை செத்துப்போவா.”

அப்பாவின் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவன் அப்பாவைப் பார்த்தான். பிறகு கதவு நிலையைப் பிடித்தபடி எழுந்து வந்து நின்ற அம்மாவையும், அவவின் வயிற்றையும் பார்த்தான்.

“என்னவாம்?” என்று படலையிலிருந்து கேட்டது.

“சரிவராது அண்ணை. இப்ப உயிர்த்தாலும் திரும்பச் சூடேற நிண்டிடும். எஞ்சினே போயிட்டுது” என்று கத்தினான். பிறகு என்னிடம் குனிந்து, “அரிசிப் பானைக்குள்ளை அரிசிதான் தங்கச்சி கிடக்கும்” என்றான். ஈரத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். அம்மா வந்து என் வாயைப் பொத்தினா.

அவர்கள் தெருவால் திரும்பி மறைந்த பிறகும் அம்மா என் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. அப்பா எனக்கு அடிக்கவில்லை. காரின் மட்கார்ட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

பத்து நாள் கழித்து ஒரு விடியற்காலை அம்மாவுக்கு வலி கண்டது. அப்பா பானைக்குள் கைவிட்டார். அம்மா சேலை மாற்றுவதற்குள் கொயிலை மாற்றிவிட்டார். பாலத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். கார் ஒருதரம்கூட இருமவில்லை. பத்து மணிக்குத் தம்பி பிறந்தான், அம்மாவும் பிழைத்தா.

ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருந்துகொண்டு நான் அந்த அண்ணனைத்தான் மனதுக்குள் திட்டினேன். எஞ்சின் போய்விட்டதாம்! நாலு எட்டு வைத்தால் குசினி, அந்தச் சோம்பேறி ஒருதரம் எட்டிப் பார்க்கப் பஞ்சிப்பட்டு என்னைப் பொய்க்காரியாக்கிவிட்டானே என்று கோபம். பொய் சொன்னவன் அவன்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. யாருக்காகச் சொன்னான், படலையில் நின்றவன் அதைக் கண்டுபிடித்திருந்தால் அவனுக்கு என்ன நடந்திருக்கும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.