தம்பி கல்யாணத்து இணைச்சீர் ஃபோல்டர்

தம்பி கல்யாணம் முடிந்து ஸ்டுடியோவிலிருந்து ஹார்ட் டிஸ்க் வந்ததும் நான் முதலில் தேடியது மணமக்களை இல்லை, என்னைத்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தக் கல்யாணத்தில் இணைச்சீருக்கு உட்கார்ந்தவள் நான்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் முகூர்த்தத்துக்கு முன்னால் நடக்கிற சீர் அது. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளை மணப்பெண்ணுக்குச் சமமாகப் பட்டும் நகையும் பூவுமாக அலங்கரித்து அவன் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். கூறைப்புடவையின் ஒரு முனை அவள் கையில் இருக்கும், மறுமுனை அவன் கையில். கட்டிக்கொண்டு ஒருத்தி வந்தாலும் கூடப் பிறந்தவளுக்கு அந்த வீட்டில் உள்ள இடம் போய்விடாது என்று ஊரறியச் சொல்வதற்குத்தான் இவ்வளவும்.

எனக்கு அந்த இடம் சும்மா கிடைக்கவில்லை. நான் கணவனை விட்டுப் பிரிந்து வந்தவள். கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு தனியாக இருக்கிறேன். கல்யாணப் பேச்சு எடுத்த அன்றே காங்கேயத்துப் பெரியம்மா ஆரம்பித்துவிட்டார்.

"வாழாம வந்தவ உக்காந்தா நல்லாவா இருக்கும்? எம்பட புள்ள உக்காரட்டுமே."

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். தம்பி குனியவில்லை.

"அக்கா உக்காருலீன்னா நானும் மணையில உக்காருலீங்க பெரிம்மா" என்றான். அவன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அதனால் அந்த ஒரு வார்த்தைக்கே வீடு அடங்கிவிட்டது. நான் உட்கார்ந்தேன்.

போட்டோ எடுக்கத் தம்பி சென்னையிலிருந்து ஒரு ஸ்டுடியோவை அழைத்து வந்திருந்தான். வந்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ரசத்தில் மிதந்த கொத்தமல்லியைக்கூட அழகாக எடுத்திருந்தார்கள். ஆனால் ஆல்பத்துக்கு அவர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய படங்களில் இணைச்சீர் ஒன்றுகூட இல்லை. கூப்பிட்டுக் கேட்டேன். "எடுத்ததெல்லாம் டிஸ்க்ல குடுத்துட்டோம் மேடம், அதுல இல்லன்னா எங்ககிட்டயும் இல்ல" என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். உறவுக்காரர்களின் போன்களில் இருந்ததை வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் போட்டோக்காரர்களின் முதுகுதான் தெரிந்தது.

சேதி காங்கேயம் போய்ச் சேர்ந்தது. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவருக்கு அவல் கிடைத்தால் விடுவாரா? பெரியம்மா அம்மாவுக்குப் போன் போட்டு, "அந்தச் சாமிக்கே புடிக்குலியாட்ட இருக்குது. ஒன்னுகூடப் பதியுலே பாரு" என்றாராம். சொன்னவர் மீது எனக்கு அவ்வளவு கோபமில்லை. அதை என்னிடம் சொன்ன அம்மா, கடைசியில் குரலை இறக்கி, "அப்புடியும் இருக்குமோ கண்ணு?" என்று கேட்டாரே, அதுதான் சுருக்கென்று தைத்தது. அந்த ஒரு கேள்வியை அம்மா மனதிலிருந்து எடுக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

கம்பெனியில் பம்ப் படங்களை மாடல் வாரியாகப் பிரித்து அடுக்குவதும் என் வேலைதான். ஆயிரம் பம்பும் ஒரே மாதிரி இருக்கும். அதில் எது எதுவென்று பிரிக்கத் தெரிந்தவளுக்குக் கல்யாணப் படம் எம்மாத்திரம் என்ற திமிருடன் ஒரு சனிக்கிழமை காலையில் டிஸ்க்கைச் செருகினேன். திறந்து பார்த்ததும் திமிர் பாதி இறங்கியது. ஃபைனல் என்று ஒரு ஃபோல்டர். ஃபைனல் நியூ என்று ஒன்று. ஃபைனல் நியூ லாஸ்ட் என்று இன்னொன்று, அதற்குள் மறுபடியும் ஒரு ஃபைனல். ஒரே படம் நாலு இடத்தில் கிடந்தது. பம்புகளே தேவலை.

எல்லாவற்றையும் போட்டோ சாஃப்ட்வேருக்குள் இறக்கினேன். இரட்டைகளை அது கண்டுபிடித்துக் கொடுத்தது, அழித்தேன். பிறகு முகங்களைப் பிரிக்கச் சொன்னேன். யார் யார் எந்தெந்தப் படத்தில் இருக்கிறார்கள் என்று அதுவே சேர்த்து வைக்கும், நாம் பெயர் கொடுத்தால் போதும். என் முகத்துக்கு நேராகப் பெயரைக் கொடுத்ததும் வரிசையாக வந்து நின்றேன். சமையல்காரரிடம் சண்டை போடுகிறேன். தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். சம்பந்தி வீட்டாரைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறேன். எல்லாவற்றிலும் மூக்குக் கண்ணாடி. இணைச்சீருக்கு நான் கண்ணாடியைக் கழற்றியிருந்தேன், நெற்றிச்சுட்டி வேறு வைத்திருந்தார்கள். அந்தக் கோலத்தில் எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை, மெஷினைக் குறை சொல்லி என்ன செய்ய?

மத்தியானம் தயிர்சாதத்தை மடியில் வைத்துக்கொண்டு மீண்டும் உட்கார்ந்தேன். திரையின் ஓரத்தில் சாஃப்ட்வேர் காலையிலிருந்து என்னை ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தது. சந்தேகமான முகங்களைக் காட்டி, இவர்தானா அவர் என்று கேட்கிற கேள்விகள். தொல்லையென்று ஒதுக்கி வைத்திருந்தேன். வேறு வழி இல்லாமல் தம்பியின் பெயருக்குக் கீழே இருந்த கேள்விகளைத் திறந்தேன். முதலில் சித்தப்பாவைக் காட்டி இவர்தானா என்றது. இல்லை என்றேன். நாதஸ்வரக்காரரைக் காட்டியது. இல்லை. அடுத்து உருமால் கட்டிய ஒரு முகம். தலைப்பாகை புருவம் வரைக்கும் இறங்கியிருக்க, கீழே பார்த்துக்கொண்டிருந்த முகம். தம்பியேதான். அவன் உருமாலோடு அப்படிக் குனிந்திருந்தது இணைச்சீரின்போது மட்டும்தான்.

படம் எந்த ஃபோல்டரில் இருக்கிறதென்று பார்த்தேன். ஃபைனல் நியூ லாஸ்டுக்குள்ளே, வேறு கல்யாணம் என்று பெயர் வைத்த ஒரு ஃபோல்டர். ஸ்டுடியோக்காரர்கள் அதே முகூர்த்தத்தில் எடுத்த இன்னொரு கல்யாணத்தின் படங்கள் தவறி வந்திருக்கும் போல என்று காலையில் நான் திறக்காமலே விட்ட ஃபோல்டர் அது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்!

திறந்தேன். திரை முழுக்க நான். அரக்குப் பட்டில், தலை நிறையப் பூவோடு, கூறைப்புடவையின் முனையைப் பிடித்துக்கொண்டு, தம்பி பக்கத்தில். தயிர்சாதத்தைக் கீழே வைத்துவிட்டு நன்றாக அழுதேன். விசில் அடிக்கத் தெரியாது, தெரிந்திருந்தால் அதையும் அடித்திருப்பேன்.

பிறகு ஸ்டுடியோவுக்குப் போன் போட்டேன். படங்களைப் பிரித்த பையன் பேசினான்.

"சாரி மேடம். பக்கத்துல வேற பொண்ணு கல்யாணக் கோலத்துல உக்காந்திருந்தாங்களா, வேற யாரோட மேரேஜோ கலந்துடுச்சுன்னு நெனச்சுத் தனியாப் போட்டுட்டேன். அவங்க யாரு மேடம்?"

"நானுங்க. மாப்பிள்ளையோட அக்கா" என்றேன். பாவம், அவன் ஊரில் அக்காவை யார் இப்படி உட்கார வைக்கிறார்கள்?

அன்றைக்கே ஃபைனல்களை எல்லாம் ஒழித்துக்கட்டினேன். முகூர்த்தக்கால், இணைச்சீர், மாலை மாற்றுவது, தாலி, விருந்து என்று நடந்த வரிசையில் புது ஃபோல்டர்கள் போட்டேன். கடைசியாகச் சாஃப்ட்வேர் என் கண்ணாடி முகத்தையும் அந்த அலங்கார முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இருவரும் ஒருவரா என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். கம்பெனியில் சம்பள உயர்வு வந்த நாளில்கூட நான் அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.

ஆல்பம் அச்சாகி வந்ததும் அவிநாசியில் அம்மா வீட்டில் எல்லோரும் கூடினோம். இணைச்சீருக்கு நான் நடுவில் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படமாகப் போடச் சொல்லியிருந்தேன். அம்மா அந்தப் பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு ஆல்பத்தைத் தானே எடுத்துப் போய்ப் பெரியம்மாவின் மடியில் வைத்தார். பெரியம்மா உற்றுப் பார்த்தார். படத்தில் எங்களுக்குப் பின்னால், கூட்டத்துக்கு மேலே, நாற்காலியில் ஏறி நின்று எட்டிப் பார்த்துச் சிரிக்கிற ஒரு முகம் இருந்தது.

"இதாரு, நானா? நானெங்க அக்கட்ட வந்தேன்?"

"நாற்காலி மேல ஏறி நின்னது நீங்கதானுங்க பெரிம்மா" என்றான் தம்பி. வீடே சிரித்தது. பெரியம்மாவும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்துப் படத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அம்மணி, நல்லாத்தான் உளுந்திருக்குது. எனக்கொன்னு போட்டுக் குடு."

"தர்றனுங்க பெரிம்மா. கண்ணாடிச் சட்டம் போட்டே தர்றேன்" என்றேன். விடுவேனா?

இப்போது அது காங்கேயத்தில், பெரியம்மா வீட்டுக் கூடத்தில், வாசலுக்கு நேராக மாட்டியிருக்கிறது. போன வாரம் நான் அங்கே போயிருந்தபோது பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடி வந்த பெண்மணி உள்ளே வந்தார். படத்தைப் பார்த்துவிட்டு, "புள்ள அழகா இருக்குதுங்க. இதுதான் கலியாணப் பொண்ணுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றார் பெரியம்மா, காப்பி டம்ளரை என் கையில் கொடுத்துக்கொண்டே. "இவதானுங்க அது. எங்கூட்டு இணைச்சீர்காரி."