எட்டு மின்னஞ்சலும் ஒரு விலாசமும்

விளம்பர மின்னஞ்சல் எழுதுகிறவனுக்கு, அனுப்பி முடித்த பிறகுதான் பிழை கண்ணில் படும். இதே தொழிலில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வாரம்

காரைக்குடியில் தன் வீட்டை விடுதியாக நடத்தும் ஆச்சியிடம் வேலை பார்க்கிறேன். ஆறு அறைகள். முன்பு வந்து தங்கியவர்களுக்கு மாதாமாதம் மின்னஞ்சல் அனுப்புவது என் பொறுப்பு. மூன்று மாதமாக ஒரு பதிலும் இல்லை.

இந்த முறை சோதித்துப் பார்க்கலாம் என்றேன். தலைப்பு இரண்டு விதம், படம் இரண்டு விதம், வாடகைச் சலுகை உண்டு அல்லது இல்லை. கலந்தால் எட்டுக் கடிதங்கள். முகவரிகளைக் குலுக்கி எட்டுப் பங்காக்கி, பங்குக்கு ஒரு கடிதம். எது பதிலைக் கொண்டுவருகிறது என்று தெரிந்துவிடும்.

ஆச்சி நாட்காட்டியைப் பார்த்தார். “ஒரு வாரம் தாரேன் தம்பி. பாதி அறையாச்சும் நெறையலைன்னா நீங்க வேற எடம் பாத்துக்கங்க.”

மூன்றாம் நாள்

இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் இரண்டு பேர் விசாரித்து எழுதியிருந்தார்கள். இருவருக்கும் போனது சலுகைக் கடிதம். வரவேற்பில் இருக்கும் செல்வி, மற்றவர்களுக்கும் அதையே அனுப்பச் சொன்னாள். இரண்டு பதிலை வைத்து முடிவுக்கு வரக்கூடாது, வாரம் முடியட்டும் என்றேன்.

“நீங்க சோதிச்சு முடிக்கையில உங்க நாற்காலியில வேற ஆளு உக்காந்திருப்பாக, சார்.”

பங்காளி

ஐந்தாம் நாள் சென்னையிலிருந்து ஒருவர் அழைத்தார். ஆச்சி ஸ்பீக்கரில் போட்டார். ஒரு கல்யாணத்தில் அவரும் சித்தப்பா மகனும் அருகருகே உட்கார்ந்து கைபேசியில் எங்கள் கடிதத்தைப் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தம்பிக்குச் சலுகை, இவருக்கு இல்லை. “அவனுக்குக் கொறச்சு, எனக்கு முழு வாடகையா? நான் எதுல ஆச்சி கொறஞ்சு போனேன்?”

ஆச்சி பட்டியலைக் கேட்டார். இங்கே பெயருக்கு முன்னால் நாலைந்து எழுத்துகள் நிற்கும்; எந்தக் குடும்பம் என்று சொல்லும் விலாசம் அது. ‘அன்புள்ள பழனியப்பன்’ என்று அழகாக வரட்டும் என்று அவ்வளவையும் அழித்திருந்தேன். அழிக்காத பழைய பட்டியலைக் கொடுத்தேன். ஆச்சி விரலை ஓட்டினார். ஒரே விலாசத்தில் ஒன்பது பேர். நாலு பேருக்குத்தான் சலுகை போயிருந்தது.

எல்லோருக்கும் சலுகை என்று அன்றே மன்னிப்புக் கடிதம் போயிற்று. சோதனை அத்தோடு முடிந்தது. மறுநாள் அழைத்தவரே, பங்காளிகள் எல்லோருக்குமாக நான்கு அறைகள் பதிவு செய்தார்.

ஆச்சி பதிவேட்டிலிருந்து நிமிரவில்லை. “வேலை இருக்கு தம்பி. ஆனா இன்னொரு தடவ வெலாசத்துல கை வச்சீகன்னா, இங்குட்டு வராதீக.”

எட்டில் எந்தக் கடிதம் அறைகளை நிரப்பியது என்று யாராவது கேட்டால், சென்னைக்காரருக்கு அனுப்பியிருக்கவே கூடாத கடிதம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.