குஷி என்று வந்த சேதி

என் கணவர் வளைகுடாவில் கட்டட வேலையில் இருந்தார். தினமும் மதியம் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டுவிடுவார். அந்தத் தடவை மூன்று நாளாகப் போன் இல்லை. நன்னிலம் பக்கத்து எங்கள் வயலில் இரண்டாம் போக தாளடி நெல் நடவு நடந்துகொண்டிருந்தது. நானும் மாமியாரும் வரப்பில் நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவசரத்துக்கென்று அவர் தந்திருந்த எண், அங்கே மேற்பார்வை பார்க்கும் ஆங்கிலேயருடையது. தெரிந்த இங்கிலீஷில் கேட்டு அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: பயப்பட வேண்டாம், அவனுக்குக் கிடைத்தது ‘கஷி’யான ஒன்று. cushy என்றிருந்ததை எழுத்துக் கூட்டி அப்படித்தான் படித்தேன். குஷன், மெத்தை, ஆஸ்பத்திரிக் கட்டில் என்று மனசு ஓடியது.

“என்னம்மா போட்டிருக்காரு?”

“பாக்குறேன் அத்தை.”

போனில் அகராதியைத் திறந்து, உச்சரிப்பைக் கேட்கும் இடத்தைத் தொட்டேன். ‘குஷி’ என்றது.

“குஷியா இருக்கானாமா?” அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது.

கீழே படித்தேன். பாரசீகத்தில் பிறந்து உருது வழியாக வந்த, நாம் சொல்லும் அதே குஷிதானாம். இங்கிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கொண்டுபோயிருக்கிறார்கள். உடம்பு நோகாத வேலையை அப்படிச் சொல்வார்களாம். எனக்கு மூச்சு வந்தது. அடுத்த வரியில் நின்றுபோனது. போர்முனையில், உயிருக்கு ஆபத்தில்லாமல் ஆளை வீட்டுக்கு அனுப்பிவைக்கும் காயத்துக்கும் அதே சொல்லாம்.

வேலையா, காயமா? திரும்பக் கேட்டேன். பதில் இல்லை. அத்தையிடம், “நல்ல வேலை கிடைச்சிருக்காம்” என்றேன். அவர் சேற்றில் இறங்கி நாற்றை எடுத்துக்கொண்டார். நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாலு மணிக்கு, கூட வேலை செய்பவர் போனிலிருந்து கணவர் வீடியோவில் வந்தார். முகம் மட்டும் தெரிந்தது.

“ஸ்டோர்ல போட்டுட்டாங்க. உக்காந்த இடத்துல வேலை.”

“மூணு நாளா ஏன் பேசல?”

“போன் கீழ விழுந்து உடைஞ்சிருச்சு.”

“நீங்களும் விழுந்தீங்களா?”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“கையக் காட்டுங்க.”

மெதுவாக வலது கையைத் தூக்கினார். முழங்கை வரை மாவுக்கட்டு. சாரத்திலிருந்து விழுந்திருக்கிறார்.

“அம்மாகிட்ட சொல்லாத” என்றார். அம்மா என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். போனை வாங்கி, “கட்டப் பிரிச்சதும் கெளம்பி வந்துடு” என்றார். 

பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டார். இரண்டு விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. இப்போதும் அவர் வைக்கோல் போர்மேல் ஏறினால், இறங்கும் வரை நான் கீழேயே நிற்கிறேன்.