புளியமரத்துச் சம்மனசு

மாலை நாலு மணி இருபது நிமிடத்துக்குச் சம்மனசின் இடது இறக்கை புளியங்கிளையில் மாட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் கடிகாரத்துக்கு நேர் கீழே எனக்கு இடம் கிடைத்திருந்தது. நாடகம் முடிந்து வீட்டுக்குப் போய் மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட வேண்டுமே என்று மணியைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரும்பியபோது இறக்கை மாட்டியிருந்தது.

வானதூதரை எங்கள் பேச்சில் சம்மனசு என்போம். அன்றைக்குச் சம்மனசு என் மகள். ஒன்பது வயது. கலியாணமாகி வெகுகாலம் கழித்து, இனி இல்லை என்று எல்லோரும் கைவிட்ட பிறகு பிறந்தவள். அதனால் எனக்கு எப்போதும் பயம். காய்ச்சல் வந்தால் பயம். பிள்ளைகளோடு கோட்டை மலைக்குச் சீத்தாப்பழம் பறிக்கப் போனால், திரும்பி வந்து காலைக் கழுவும் சத்தம் கேட்கும்வரை பயம். அன்று அந்தப் புளியமரத்துக்கு மட்டும் நான் பயப்படவில்லை. கயிற்றைப் பிடித்திருந்தவர் அவளுடைய அப்பா.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. அதனால் கிறிஸ்மஸ் லீவுக்கு முன் பள்ளிக்கூடத்தில் போடும் நாடகத்தை வெயில் இருக்கும்போதே நடத்தினார்கள். செஞ்சியில் அப்போது மிஷன் பள்ளிக்கூடம் சின்னது. வேதக்காரர்களான கிறிஸ்தவர்களின் பிள்ளைகளும் அக்கம்பக்கத்து விவசாயிகளின் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து படித்தார்கள். நாடகத்தில் யாருக்கு என்ன வேஷம் என்பதற்கு மதம் குறுக்கே வந்ததில்லை. ஏரோது ராஜா வேஷம் போட்டவன் செக்கு ஆட்டுகிறவர் வீட்டுப் பையன். குரல் பெரிது என்பதால் அந்த வேஷம் அவனுக்கே. ஏரோது ராஜா கொலுவிருந்தது நம் கோட்டை மலைமேல்தான் என்பதில் பிள்ளைகளுக்குச் சந்தேகமே இல்லை. பெத்லகேம் அனந்தபுரம் போகிற வழியில் எங்கேயோ இருக்கிறது என்று என் மகள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அரைப்பரீட்சை முடிந்ததும் பாடம் நின்றுவிடும். உடைந்த சட்டிகளில் கேழ்வரகு விதைத்து முளைக்கவிடுவார்கள். சேசுபாலனின் வைக்கோல் குடிலைச் சுற்றிப் பச்சையாக வைப்பதற்கு. என் மகள் தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றினாள். இடையர்கள் கோலுக்குச் சண்டை போட்டார்கள். இறக்கை செய்யக் காகிதம் கிடைக்கவில்லை. நான் பழைய வேட்டியைக் கிழித்துக் கஞ்சி போட்டு, மூங்கில் சிம்பில் கட்டித் தைத்துக் கொடுத்தேன். அதைப் போட்டுப் பார்த்த அன்று ஏரோது கேட்டான்:

"இன்னாடி இது, சம்மனசா, கொக்கா?"

"கொக்குதான். உன் தலமேல வந்து உக்காருவேன், பாரு" என்றாள் இவள்.

திண்டிவனத்தில் போர்டிங்கில் எட்டாவதுவரை படித்தபோது நானும் ஒரு வருஷம் சம்மனசாக நின்றிருக்கிறேன். என்னை ஒரு முக்காலிமேல் ஏற்றி நிறுத்தினார்கள். அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஊர் வாத்தியார் புதுச்சேரிப் பக்கம் ஒரு மாதா கோயிலில் சம்மனசு ஆகாயத்திலிருந்து இறங்கி வருவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பள்ளிக்கூடத்து முற்றத்தில் புளியமரம் இருந்தது. கிளைக்குக் கீழே குடில். கிளையின் நுனியை இரண்டு வெள்ளைச் சேலைகளால் மறைத்தால் அது மேகம். வாத்தியார் என் வீட்டுக்காரரிடம் கயிறு கேட்டு வந்தார்.

"கயிறு எதுக்கு? எங்க கெணத்துக் கவலை வடத்தையே கட்டலாம். கப்பியும் கொண்டாறேன்" என்றார் இவர். "ஆனா ஒண்ணு. என் பொண்ண நான்தான் எறக்குவேன். வேற யாரும் தொடக்கூடாது."

நிலத்தில் எங்களுக்குக் கவலைக் கிணறு. மாடுகள் சரிவில் இறங்கி நடக்க, தோல் சாலில் தண்ணீர் மேலே வரும். இறங்கும்போது இவர் வடத்தின்மேல் உட்கார்ந்துகொள்வார். அந்தப் பாரமும் சேர்ந்துதான் சாலைத் தூக்கும். மேலே சால் தண்ணீரைக் கொட்டி முடித்ததும், கிணற்று வாயருகே நிற்பவர் "வுடு" என்று குரல் கொடுப்பார். உடனே இவர் வடத்தைவிட்டு எழுந்துவிடுவார். மாடுகள் பின்னுக்கு நடக்கும். சால் கிணற்றுக்குள் இறங்கும். காலையில் இப்படி எத்தனையோ நடை. முன்பெல்லாம் குரல் கொடுத்தவள் நான். மகள் நடக்கத் தெரிந்து, கிணற்றைப் பார்த்து நிற்கத் தெரிந்த பிறகு அந்த வேலையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். பள்ளிக்கூடம் போவதற்கு முன், பல்கூட விளக்காமல், வாய்க்கால் மேட்டில் நின்று "வுடு, நைனா" என்று அப்பாவுக்குக் கூவுவாள்.

ஒத்திகைக்கு மல்லாட்டைக் கடலை மூட்டையைக் கட்டி ஏற்றி இறக்கிப் பார்த்தார். பிறகு அவளையே ஏற்றி இறக்கினார். ஒரு குலுக்கல் இல்லை. வாத்தியார் கையைத் தூக்கினால் இறக்க வேண்டும், பேச்சு கூடாது என்று ஏற்பாடு. நாடகத்தன்று வடத்தை மரத்துக்குப் பின்னால் கொண்டுபோய், இடுப்புக்குக் கீழே கொடுத்து, கவலையில் உட்காருவதுபோல அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அவர் இருந்த இடத்திலிருந்து மேடை தெரியாது. வாத்தியாரின் கை மட்டும் தெரியும்.

இறக்கை மாட்டியதும் அவள் ஒருபக்கமாகச் சாய்ந்தாள். கீழே ஆட்டுக்குட்டி ஒன்று நிஜமாகவே கத்த, சனங்கள் சிரித்தார்கள். ஆர்மோனியம் நிற்கவில்லை. மேகத்துக்குள்ளிருந்து அவள் கூப்பிட்டாள்.

"நைனா, வுடாத."

எனக்கு முழுதாகக் கேட்டது. மரத்துக்குப் பின்னால் பாதிதான் போய்ச் சேர்ந்தது. கவலையில் எழுவதுபோல அவர் வடத்தைவிட்டு எழுந்து நின்றார்.

அவள் குடிலின் கூரைமேல் விழுந்து, அதை உடைத்துக்கொண்டு தரையில் விழுந்தாள். அந்த வைக்கோல் இல்லாவிட்டால் உயிர் இருந்திருக்காது என்று பிறகு சொன்னார்கள். நான் எழுந்து போனேனா, யாராவது கூட்டிக்கொண்டு போனார்களா என்று தெரியவில்லை. கேழ்வரகு முளைகள் என் காலடியில் மிதிபட்டது தெரிகிறது. அவளுடைய வலது தொடை இருக்கக்கூடாத விதமாகத் திரும்பியிருந்ததும் தெரிகிறது. தலை நிமிர்ந்தபோது என் வீட்டுக்காரர் மரத்தடியில் இல்லை. கப்பியில் வடம் இல்லாமல் கிளை வெறுமையாக இருந்தது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரே அறையில் நான்கு கட்டில். டாக்டர் எலும்பை நேர்ப்படுத்தி மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார். அவள் கத்தியது தெருவில் போனவர்களுக்குக் கேட்டிருக்கும். நான் பக்கத்தில் நின்று அவள் தலையைப் பிடித்திருந்தேன். அழவில்லை. என் சேலையில் கஞ்சி வாசனை அடித்தது. இறக்கைக்குப் போட்ட கஞ்சிதான். அதைப்பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன், கொஞ்சம் சோறு கூடப் போட்டுக் காய்ச்சியிருந்தால் இன்னும் விறைப்பாக நின்றிருக்கும் என்று.

மறுநாள் பக்கத்து நிலத்துக்காரி சொம்பில் கஞ்சி கொண்டுவந்தாள். எங்கள் மாடுகளை அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

"அண்ணன் வூட்டுக்கு வரலக்கா" என்றாள், என் வீட்டுக்காரரைச் சொல்லி. "கோட்டையில சக்கரகுளத்தாண்ட உக்காந்திருந்தாருன்னு ஒருத்தன் சொல்றான். எங்க வூட்டுக்காரரு ரெண்டு பேர இட்டுகினு போயி பார்த்தாரு. அங்க இல்ல."

"சரி" என்றேன்.

"சாராயம் குடிச்சிருந்தாருன்னு ஊருல பேசறானுங்க."

"அவர் குடிக்க மாட்டார்."

"எனக்குத் தெரியாதா? நீ ரெண்டு வாய் குடி மொதல்ல."

குடித்தேன். ருசியாகவே இருந்தது. அந்த ஊர்க் குளங்களையும் கிணறுகளையும் வாழ்நாள் முழுதும் அறிந்தவள் நான். கோட்டைக்குள் மட்டும் எத்தனை நீர்நிலைகள். அவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன், துணி துவைக்க எது தோது என்று யோசிப்பவள்போல. பயம் வரவில்லை. பயம் வராதது வேறு யாருக்கோ நடப்பதுபோல இருந்தது.

பிள்ளைகள் பார்க்க வந்தார்கள். ஏரோது கட்டிலின் கால்மாட்டில் நின்றான்.

"நீ வுழுந்ததுல குடிலு நசுங்கிப் போச்சி. இப்ப சேசுபாலன் எங்க பொறப்பாரு? எங்க செக்குக் கொட்டாய்ல எடம் இருக்குது. மாடும் இருக்குது."

அவள் சிரித்தாள். சிரித்ததில் கால் அசைந்து வலித்து முகம் சுருங்கிப்போனது. அவர்கள் போன பிறகு என்னைக் கேட்டாள்:

"நைனா எங்கம்மா?"

"வைக்கோல் வாங்கப் போயிருக்கார்."

"நான் வுடாதன்னுதான் சொன்னேன்."

"தெரியும்."

"நைனாவுக்குத் தெரியுமா?"

நான் போர்வையைச் சரிசெய்தேன்.

அதற்கடுத்த தொல்லை டாக்டர் சொன்னபோதுதான் புரிந்தது. இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் அசையாமல் கிடந்தால் எலும்பு கூடிவிடும், கட்டிலோடு தூக்கி வண்டியில் ஏற்றிப் போகலாம் என்றார். ஆட்கள் வந்தார்கள். அவர்கள் கட்டிலின் காலைத் தொட்டு ஒரு சாண் தூக்கியதுமே அவள் அலறித் துள்ள ஆரம்பித்தாள். தரையைவிட்டு எழும்புவதே அவளுக்குத் தாங்கவில்லை. நான் தூக்கிப் பார்த்தேன். என் கழுத்தை நகத்தால் கீறிவிட்டாள். டாக்டர் ஓடிவந்து எல்லோரையும் விலகச் சொன்னார்.

"இந்த மாதிரி துள்ளினா எலும்பு நகர்ந்துடும்மா. அப்புறம் கோணலாத்தான் கூடும். ஆயுசு முழுக்க நொண்டி நடக்கணும். அவ பயப்படாத ஆளா ஒருத்தர் தூக்கணும். யார் இருக்காங்க?"

அப்படி ஒருவர் இருந்தார். கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்து அவர் தோளில்தான் அவள் தூங்குவாள். நான் எடுத்தால் அழுவாள். எனக்கு அதில் ஒரு காலத்தில் வருத்தம்கூட உண்டு. டாக்டரிடம் அதையெல்லாம் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அவள் பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்று மாலை பக்கத்து நிலத்துக்காரி அவலூர்பேட்டை ரோட்டில் இவர் நடந்துபோனதைப் பால்காரர் பார்த்தாராம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஊரில் இவருடைய அக்காவைக் கொடுத்திருக்கிறது. உயிரோடு இருக்கிறார் என்று எனக்குள் ஒரு வரி ஓடியது. அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை. வருவாரா என்று தெரியவில்லை. வந்தால் இவள் அவரைக் கிட்டே விடுவாளா என்றும் தெரியவில்லை. அலறித் துள்ளினால் கால் போனது. அலறுவதைக் கேட்டால் அவர் மறுபடி எழுந்து போய்விடுவார். அந்தத் தடவை அக்கா வீட்டுக்குப் போகமாட்டார்.

நான் அவள் தலைமுடியைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். முடிக்குள் வைக்கோல் துணுக்குகள் வந்துகொண்டே இருந்தன.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் காலை, கோயிலில் பிள்ளைகள் பாட்டுப் பழகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. வண்டி எங்களுடையதல்ல, அக்கா வீட்டு வண்டி; பக்கத்து நிலத்துக்காரி சொல்லியனுப்பியிருக்க வேண்டும். முழுதும் வைக்கோல் பரப்பி அதன்மேல் ஜமுக்காளம் போட்டு, இரண்டு பக்கமும் தலையணை அண்டக் கொடுத்திருந்தது.

அவர் இறங்கி வந்து கதவுக்கு வெளியே நின்றார். தாடி முளைத்திருந்தது. வேட்டியெல்லாம் செம்மண். என்னைப் பார்க்கவில்லை. அவள் சுவர்ப்பக்கத்திலிருந்து தலையைத் திருப்பினாள். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். நான் சிக்கெடுத்த சீப்பை மடியில் வைத்தேன். அவர் நிலைப்படியைத் தாண்டாமல், இரண்டு கைகளையும் வேட்டியில் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"நான் தூக்கட்டுமா பாப்பா? இல்ல, வேற ஆளக் கூப்புடட்டுமா?"