மணல் விழுந்த புளிச்சோறு

திருநகர் வீட்டில் இன்று மதியம் கீரையில் மண் நெறுநெறுத்தது. உடனே தொண்டிக் கடற்கரை நினைவுக்கு வந்தது.

சோற்றில் ஒரு கல் பட்டாலே அப்பா தட்டை வீசிவிடுவார். அப்படி வீசிய மறுநாள், சமாதானத்துக்காக மதுரையிலிருந்து அம்மாவையும் என்னையும் தொண்டிக்குக் கூட்டிப்போனார். ஆடி மாதம், கரையில் ஆளே இல்லை. அம்மா புளிச்சோற்றைப் பிரித்து வைத்ததும் காற்று மணலை வாரி அதில் கொட்டியது. நான் அப்பாவின் கையையே பார்த்தேன்.

"இதையும் வீசுனீகன்னா, இங்கன இருந்தே எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்றார் அம்மா, குரலை உயர்த்தாமல்.

அப்பா கடைசிப் பருக்கைவரை நெறுநெறுவென்று மென்று விழுங்கினார்.

"கீரையில மண்ணு இருக்கா?" என்று கேட்டாள் மனைவி.

"இல்லையே" என்று விழுங்கினேன்.

எதிரே மகள் சாப்பிடாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.